மூன்றாவது டென்ஷனர்

சாவியைத் திருகியதும் வந்த சத்தத்தைக் கேட்டு நெமேசியோ லாருத்தா கையிலிருந்த ஸ்பேனரை வீசி எறிந்தான். அது தகரக் கதவில் பட்டு விழுந்தது. மலைமேல் ஊரான எல் ஆல்த்தோவின் காலைக் குளிரில் எந்த இன்ஜினும் கொஞ்சம் முனகத்தான் செய்யும். மனிதர்களே முனகிக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்கள். ஆனால் இது முனகல் இல்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி, இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று வந்தது. செயின் தொய்ந்துபோய் மூடிக்குள் அடித்துக்கொள்கிற சத்தம். இதை அவன் போன மாதம் கேட்டான். அதற்கு முந்தைய மாதமும் கேட்டான்.

"அணை, அணை, போதும்."

ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த பஸிலியா அணைத்தாள். அவன் மனைவி ரொஸேந்தாவின் தங்கை அவள். ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவள். இறங்கி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோல.

"அதே சத்தந்தானே அத்தான்?"

"எனக்கும் காது இருக்கு" என்றான் நெமேசியோ. எரிந்து விழுவதைத் தவிர வேறொன்றும் அப்போது அவனுக்கு வரவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? துறைமுகத்திலிருந்து வந்த பழைய ஜப்பான் வண்டி அது. வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கை இடது பக்கத்துக்கு மாற்றி வைத்து இந்த ஊருக்கு ஆக்கியிருந்தார்கள். போன வருடம் இன்ஜின் இறுகி நின்றபோது அதைக் கடைசி போல்ட் வரைக்கும் பிரித்து, கழுவி, கடைந்து, புது ரிங் போட்டு, புது பேரிங் போட்டு, திரும்பக் கட்டியது நெமேசியோதான். அதில் அவன் கைபடாத இடம் கிடையாது. இப்போது அதே இன்ஜின் ஒரு கட்டைவிரல் அளவுச் சாமானால் அவனை ஊர் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது. டென்ஷனர். செயினைத் தொய்யவிடாமல் அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. பின்பக்கம் ஒரு குண்டூசித் துளை; அதன் வழியாக ஆயில் அழுத்தத்தோடு உள்ளே வந்து சின்ன பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் செயினைத் தள்ளும். அது தள்ளாவிட்டால் செயின் ஆடும். ஆடிய செயின் ஒருநாள் பல் தாண்டும். பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் அந்த இன்ஜினை எடைக்குத்தான் போடவேண்டும்.

புதிதாகக் கட்டிய இன்ஜினோடு போட்ட டென்ஷனர் போயிற்று. இரண்டாவது போட்டான், அதுவும் போயிற்று. மட்டச் சரக்கு என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, எல்லைக்கு அந்தப்பக்கத்திலிருந்து நல்ல சரக்காக வரவழைத்து மூன்றாவது போட்டான். அதுதான் இப்போது கடகடவென்று சிரித்தது.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர்கள் சங்கத்தின் பொதுக்கூட்டம். ரியோ செக்கோவிலிருந்து கீழே பள்ளத்து நகரத்துக்கு ஓடும் அந்த லைனில் வண்டி ஓட்டுகிற ஒரே பெண் பஸிலியா. லைனில் ஓட்டும் உரிமை எண் இன்னும் அவள் பேரில் இல்லை. புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தற்காலிகமாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள். எண்ணை அவள் பேருக்கு எழுதுவதா, வரிசையில் காத்திருக்கும் வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று ஞாயிற்றுக்கிழமை கை தூக்கி முடிவு செய்வார்கள். எண் போனால் வண்டியை வைத்துக்கொண்டு அவள் ஊறுகாய்தான் போடவேண்டும். வேறு எந்த லைனும் அவளைச் சேர்க்காது. அடிக்கடி படுத்துக்கொள்ளும் வண்டி லைனுக்கே அவமானம் என்று ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றியது யார் என்று கேட்டால், சொல்லவே வாய் கூசுகிறது. இந்த நெமேசியோதான். இரண்டாவது டென்ஷனர் போன அன்று சங்கச் செயலாளர் போலிகார்ப்போ, தன் வண்டிக்கு பிரேக் கட்டை மாற்ற வந்தவர், பக்கத்தில் பிரிந்து கிடந்த இன்ஜினைப் பார்த்து, என்னப்பா, நீ கட்டின இன்ஜின் இப்படி நிக்குதே, கை போயிடுச்சா என்று சும்மா சீண்டினார். நாலு டிரைவர்கள் வேறு நின்றிருந்தார்கள். நெமேசியோவுக்குச் சுருக்கென்றது.

"இன்ஜின்ல ஒண்ணும் இல்ல போலிகார்ப்போ ஐயா. அவ கால்ல இருக்கு கோளாறு. கீழ் கியர்ல போட்டு மிதிமிதின்னு மிதிச்சா எந்தச் செயின் தாங்கும்?"

அவர்கள் சிரித்தார்கள். மறுநாளே அந்த வார்த்தை லைன் முழுக்கப் போய்விட்டது. ஸ்டாண்டில் பஸிலியா வண்டியை நகர்த்தினால் ஒருத்தன் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டுவானாம். இதை ரொஸேந்தாதான் வந்து சொன்னாள், சொல்லிவிட்டு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. சொன்னது வாய் தவறித்தான் என்றாலும் கொஞ்ச நாளில் நெமேசியோ அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டான். தன் கையைச் சந்தேகப்படுவதைவிட அடுத்தவள் காலைச் சந்தேகப்படுவது சுலபம், அவ்வளவுதான்.

அவன் ஒன்றும் சோம்பேறி இல்லை. பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்தான். ஆயில் அழுத்தத்தை கேஜ் மாட்டிப் பார்த்தான். குளிரிலும் சரி, சூட்டிலும் சரி, முள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பழைய செயினையும் புதுச் செயினையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்த்தான். பற்சக்கரத்தின் பற்களை விரலால் தடவிப் பார்த்தான். ஆயில் பம்ப்பைப் பிரித்தான், சேர்த்தான். குளிரில் ஆயில் கெட்டியாகி ஏறவில்லையோ என்று இளக்கமான ஆயிலுக்கு மாற்றினான். டென்ஷனரைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் பிளாக்கில் அதற்கு ஆயில் வரும் துளைக்குள் காற்றடித்துப் பார்த்தான். அந்தப்பக்கம் காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது, அடைப்பு கிடையாது. கழற்றிய டென்ஷனரின் பிஸ்டனை விரலால் அமுக்கினால் செத்த எலிபோல உள்ளே போயிற்று. போயிடுச்சு என்று சொல்லி ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்தான்.

சாமி காரியத்திலும் குறை வைக்கவில்லை. அந்த ஊரில் சால்யா என்கிற படையல் செய்யாமல் எந்த இன்ஜினும் வெளியே போகாது. வெளியாள் வண்டி என்றால் பானட்டின் மேல் நாலு சொட்டு சாராயம், ஒரு பிடி மிஸ்தூரா என்கிற வண்ணக் காகிதப் பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பீர், பூமித்தாய் பாச்சமாமா பார்த்துக்கொள்வாள் என்று அனுப்பிவிடுவான். பஸிலியா வண்டி அப்படி இல்லை, வீட்டு வண்டி. வெளியே தூவினால் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், உள்ளே தூவு என்று ரொஸேந்தா சொல்லியிருந்தாள். அதனால் மூடி போடுவதற்கு முன்னால், செயினும் பற்சக்கரமும் தெரியத் திறந்து கிடக்கும் இன்ஜின் முகத்திலேயே வாயில் வைத்த சாராயத்தைப் பீய்ச்சி உமிழ்ந்து, மிஸ்தூராவைத் தூவி, அப்புறம்தான் டென்ஷனரை எடுத்து மாட்டினான். இரண்டாவது தடவை பொட்டு கூடுதல். மூன்றாவது தடவை, பாச்சமாமாவின் மாதமான ஆகஸ்டும் பிறந்துவிட்டதால், அள்ளி அள்ளித் தூவினான்.

மிச்சம் இருந்தது அவள் கால்தான். வியாழக்கிழமை, சத்தத்தோடேயே வண்டியை மெதுவாக எடுக்கச் சொல்லி, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போனான். ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தான். மேட்டில் ஏறும்போதும் சரி, சந்தைக் கூட்டத்தில் நின்று நின்று போகும்போதும் சரி, அந்தக் கால் முட்டை மேல் வைத்த மாதிரி வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. கியர் மாற்றுகிற இடம்கூட சரியாக இருந்தது. நெமேசியோவுக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று. ஏதாவது ஒரு தப்பு செய்தால் என்ன இவள்?

"பாத்தாச்சா?" என்றாள் பஸிலியா, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நான் பக்கத்துல இருக்கறப்ப ஒழுங்காத்தான் ஓட்டுவே."

அவள் வண்டியை ஓரங்கட்டினாள். கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தவில்லை.

"அத்தான், ஸ்டாண்டுல அவனுங்க சிரிக்கறானுங்க. சிரிச்சுட்டுப் போகட்டும், அவனுங்களுக்கு என்ன தெரியும். நீங்க இந்த இன்ஜினைப் பெத்தவரு. நீங்க சொன்னா அது தீர்ப்பு. ஞாயித்துக்கிழமை அவனுங்க என் வண்டிக்குக் கை தூக்கப் போறதில்ல. உங்க வாய்க்குத்தான் தூக்கப்போறானுங்க."

கடகட சத்தத்தோடு திரும்பி வந்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டு அவள் நடந்து போனாள். மறுநாள் மூடியைக் கழற்றினான். எதிர்பார்த்தபடியே மூன்றாவது டென்ஷனரும் செத்துக் கிடந்தது. துளையில் காற்றடித்தான், புஸ்ஸென்று போயிற்று. சனியன் பிடித்த இன்ஜின் என்று வாய்விட்டே திட்டினான்.

சனிக்கிழமை மதியம் ரொஸேந்தா சாப்பாடு கொண்டுவந்தாள். உலர்த்திய உருளைக்கிழங்கில் வைத்த சூப். அவன் தொடவில்லை. நாளைக்குக் கூட்டம், வண்டி வயிறு திறந்து கிடக்கிறது, காரணம் என்னவென்று கடுகளவுகூடத் தெரியவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் மூன்றாவது டென்ஷனரைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தான். இன்னொரு அடி. அதன் உடம்பு இரண்டாகப் பிளந்தது. ஸ்ப்ரிங் தெறித்து ரொஸேந்தாவின் பாவாடையில் விழுந்தது.

"பைத்தியம் பிடிச்சுடுச்சா உனக்கு?"

நெமேசியோ அவளைப் பார்க்கவில்லை. பிளந்த துண்டில், ஆயில் உள்ளே வரும் குண்டூசித் துளைக்குப் பின்னால், கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கரி என்று நினைத்தான். ஊசியால் நெம்பினான். கரி உதிரும், இது உதிரவில்லை. பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. பெட்ரோலில் போட்டு அலசினான். கறுப்பு கரைந்து, ரோஸ் நிறம் தெரிந்தது.

டப்பாவைக் கவிழ்த்து மற்ற இரண்டு டென்ஷனரையும் எடுத்தான். அவற்றையும் பிளந்தான். ஒன்றில் மஞ்சள். இன்னொன்றில் பச்சையும் ரோஸும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஊறிப்போய் நைந்திருந்தாலும் ஒரு பொட்டு மட்டும் இன்னும் வட்டமாகவே இருந்தது.

ரொஸேந்தா குனிந்து பார்த்தாள். சந்தையில் பூசைச் சாமான் விற்கிறவள். அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது என் கடை மிஸ்தூரா."

இப்போது எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது, அதுதான் கொடுமை. சாராயத்தில் நனைந்த காகிதம் பிளாக்கின் துளையில் ஒட்டிக்கொள்கிறது. அதன் மேலேயே டென்ஷனரை வைத்து முறுக்குகிறான். இன்ஜின் ஓட ஓட, ஆயில் அந்தக் காகிதத்தைக் கூழாக்கி டென்ஷனரின் துளைக்குள் தள்ளி அடைக்கிறது. கழற்றும்போது அடைப்பு டென்ஷனரோடேயே வந்துவிடுகிறது. பிளாக் துளையில் காற்றடித்தால் ஏன் அடைக்கப்போகிறது? அழுத்தம் சரி, பம்ப் சரி, செயின் சரி, எல்லாம் சரி. புது டென்ஷனர், புது மிஸ்தூரா. வண்டி பழுதாகப் பழுதாக அவன் இன்னும் பக்தியாகத் தூவினான், தூவத் தூவ அது பழுதாயிற்று.

"உள்ள தூவச் சொன்னது நான்தானே" என்றாள் ரொஸேந்தா மெல்ல.

"தூவினது நான். நீயா மெக்கானிக், துளையைத் துணி வச்சு மூடணும்னு தெரிஞ்சிருக்க? எனக்குத் தெரியணும்ல?"

"சரி. நாளைக்குப் போய் சொல்லிடு."

"என்னன்னு சொல்றது? பாச்சமாமாவுக்குப் படைச்ச காகிதம் இன்ஜினைக் கொன்னுடுச்சுன்னா? சிரிச்சே சாவானுங்க. எதிர்க்கடை மெக்கானிக் அதால்பெர்த்தோ ஆட்டம் போடுவான். நாளையிலிருந்து ஒரு வண்டி இந்த வாசல்ல ஏறாது."

"அவ கால்னு சொன்னப்ப இந்த வாய் நல்லாத்தானே பேசுச்சு" என்றாள் ரொஸேந்தா. சூப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பஸிலியா கடைசி பெஞ்சில், நல்ல சால்வை போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெமேசியோவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் என்னவெல்லாம் சொல்ல வந்திருக்கிறானோ என்று நினைத்திருப்பாள். லைன் தகராறு, டிக்கெட் தகராறு, மாதா கோவில் திருவிழாவுக்கு ஆட்ட உடுப்பு என்று ஒவ்வொன்றாக முடிந்து அவள் பேர் வந்தது. வண்டி இன்றைக்கும் ஓடவில்லை, மூன்றாவது தடவை, அதைக் கட்டின மெக்கானிக்கே அவள் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று போலிகார்ப்போ படித்ததுபோல் ஒப்பித்தார். பின்னால் ஒருத்தன் தரையைக் காலால் மிதித்தான். சிரிப்பு.

நெமேசியோ எழுந்தான். பெட்ரோலில் கழுவிய மூன்று பிளந்த டென்ஷனரையும் துணியிலிருந்து எடுத்துச் செயலாளரின் மேஜையில் வைத்தான். உள்ளே இருப்பது மிஸ்தூரா என்றான். போட்டது நான்தான், மூன்று தடவையும் நான்தான், அவள் கால் சுத்தம் என்றான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், உங்களில் எவனும் அவள் மாதிரி கியர் போடுகிறதில்லை என்றும் சொன்னான். அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் உண்மை.

போலிகார்ப்போ ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோஸ் பொட்டை நகத்தால் சுரண்டினார். பிறகு தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது.

"என் இன்ஜினைப் போன வருஷம் நீதானே கட்டினே?"

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். எனக்கும் நீதானே, எனக்கும் நீதானே என்று பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். ஒருவன் சாராயத்தைக் குடித்துவிட்டு வேலை செய்கிறவன் என்றான். ஒருவன் பாச்சமாமா மேலேயே பழி போடுகிறானே பாவி என்று சிலுவை போட்டுக்கொண்டான். உங்களுக்கெல்லாம் வெளியேதான் தூவினேன், வீட்டு வண்டி என்பதால் இதற்கு மட்டும் உள்ளே தூவினேன் என்று நெமேசியோ தொண்டை கிழியக் கத்தவேண்டியிருந்தது. அதைக் கேட்டதும்தான் சிரிக்க ஆரம்பித்தார்கள். சொந்தக்காரனாக இருப்பதற்கு இவனுக்கு விரோதியாக இருந்துவிடலாம் என்று எவனோ சொன்னான். கொட்டகை குலுங்கிற்று. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போலிகார்ப்போ கை தூக்கச் சொன்னார். தூக்கினார்கள். எண் பஸிலியா பேருக்குப் போயிற்று.

வெளியே சோளக்கஞ்சி விற்கிறவளின் வண்டிக்குப் பக்கத்தில் பஸிலியாவைச் சுற்றி ஆட்கள் நின்று கைகுலுக்கினார்கள். நேற்று வரைக்கும் தரையை மிதித்தவன் அவளுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தான். கூட்டம் விலகட்டும் என்று நெமேசியோ காத்திருந்தான். மனசுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்லவேண்டாம். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று அவனுக்குத் தெரியும். அவளிடம் போனான்.

"செவ்வாக்கிழமை வண்டி ரெடி. புது டென்ஷனர் ஒண்ணு, சுத்தமா மூடினா வேலை முடிஞ்சுது. இனி பத்து வருஷம் சத்தம் வராது."

பஸிலியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க எழுந்து சொன்னீங்க, அது பெரிய விஷயம். இல்லேன்னு சொல்லமாட்டேன் அத்தான். ஆனா வண்டியை அதால்பெர்த்தோ மூடட்டும்."

"அவனா? அவனுக்கு இந்த இன்ஜின்ல என்ன தெரியும்?"

"தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவான்."

"காகிதம் போட்டதுக்கா இவ்ளோ கோவம்? உன் நல்லதுக்குத்தானே போட்டேன்."

"காகிதத்துக்கு எனக்கென்ன கோவம். அது சாமி காரியம், நானா இருந்தாலும் போட்டிருப்பேன்." அவள் குரல் உடைந்தது, அதை மறைக்கவும் இல்லை. "உங்களுக்குத் தெரியல. தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் காலைக் காட்டினீங்களே. ஒரு மாசமா நான் ஆக்சிலேட்டர் மேல கால் வைக்கறப்பல்லாம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். எனக்கே ஓட்டத் தெரியாதோன்னு நெனைக்க வச்சிட்டீங்க."

 

திங்கட்கிழமை காலை அவள் வண்டியை இழுத்துப்போகக் கயிற்றோடு வந்தாள். தெருவுக்கு அந்தப்பக்கம் அதால்பெர்த்தோ தன் ஜீப்பைத் திருப்பி நிறுத்திக் காத்துக்கொண்டிருந்தான். நல்லவேளை, இறங்கி வரவில்லை. கதவோரத்தில் ரொஸேந்தா நின்றாள். திறந்து கிடந்த இன்ஜின் முகத்தில் ஆயில் துளை தெரிந்தது. நெமேசியோ ஒரு சுத்தமான துணியைக் கிழித்து, சுருட்டி, அந்தத் துளையில் அழுத்தி வைத்தான். தெருத்தூசி விழக்கூடாது. பானட்டை மூடினான். கழற்றி வைத்திருந்த போல்ட்டுகளை அளவு வாரியாகப் பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்தான்.

பஸிலியா ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தாள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு மேடு உண்டு. அதைத் தாண்டினால்தான் கயிறு கட்ட முடியும்.

"பிரேக்கை எடுத்துட்டேன்" என்றாள்.

அவன் பின்பக்கம் போய், இரண்டு கையையும் வண்டியில் ஊன்றித் தள்ள ஆரம்பித்தான்.